மிச்சத்தில் வீகன் சமையல்: நான் செய்து தொலைத்த தவறுகள்

போன ஞாயிறு சமையல் பழக வந்த பெண் ஒரு டப்பாவைத் திறந்து நீட்டினாள். எலுமிச்சை சாதம். வேர்க்கடலை, கறிவேப்பிலையோடு பார்க்க லட்சணமாக இருந்தது.

"மிச்சச் சோத்துல பண்ணினதுக்கா. சாப்பிட்டுப் பாருங்க."

"எப்ப வடிச்ச சோறு?"

"நேத்து ராத்திரி."

"ராத்திரி பூரா எங்க இருந்துச்சு?"

"குக்கர்லயேதான், மூடி வச்சிருந்தேன்."

கையில் எடுத்த ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டேன். அவள் முகம் சுருங்கிப்போனது. பாவம், இதே தவறை இதே எலுமிச்சை சாதத்தில் நானும் செய்தவள்தான்.

பால், தயிர், நெய், முட்டை எதுவும் இல்லாத வீகன் சமையலுக்கு நான் மாறி ஏழு வருஷம் ஆகிறது. வீட்டில் மிஞ்சுவதை வைத்தே பாதி நாள் ஓட்டுகிறேன். ஊசிப்போன குழம்பை முகர்ந்து பார்க்காமல் சூடு பண்ணுவது மாதிரியான தவறுகளை இங்கே எழுதப்போவதில்லை. அது மூக்கு சொல்லிக்கொடுக்கும். மூக்குக்குத் தெரியாத தவறுகள்தான் ஆளைக் கவிழ்ப்பவை.

சோற்றைக் குக்கரிலேயே விட்டுவிட்டுத் தூங்கப்போவது

ஊருக்குப் போக எழும்பூரில் காலை ரயில். முந்தின ராத்திரி மிஞ்சிய சோறு குக்கரில் இருந்தது. விடிகாலையில் அதைக் கிளறி எலுமிச்சை பிழிந்து கட்டிக்கொண்டேன். புளிப்பு வாடையில்லை, பிசுபிசுப்பில்லை, சோறு பொலபொலவென்று இருந்தது. செங்கல்பட்டு தாண்டியதும் நானும் வீட்டுக்காரரும் சாப்பிட்டோம். விருத்தாசலம் வருவதற்குள் இரண்டு பேரும் மாறி மாறிக் கழிப்பறை வாசலில் நின்றோம். கல்யாண வீட்டுக்குப் போய் இரண்டு நாள் கஞ்சி குடித்துப் படுத்துக் கிடந்துவிட்டுத் திரும்பினோம். முகூர்த்தத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அரிசியோடு வரும் ஒரு கிருமிக்கு பேசில்லஸ் சீரியஸ் என்று பெயர். பெயரிலேயே சீரியஸ் இருக்கிறது. அதன் வித்துகள் சோறு கொதிக்கும்போது சாவதில்லை. வெந்த சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்துப் பெருகி, வாந்தி வரவைக்கும் நச்சை விடும். மூடிய குக்கருக்குள் அந்த வெதுவெதுப்பு மணிக்கணக்கில் நிற்கும், நடுவில் இருக்கும் சோறு ஆறவே ஆறாது. சாப்பிட்ட 1 மணி முதல் 6 மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டிவிடும்.

"நல்லா சூடு பண்ணிட்டா சரியாயிடும்ல?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஆகாது. கிருமி செத்தாலும் அது விட்டுப்போன நச்சு சாகாது. 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் தாக்குப்பிடிக்கிற நச்சு அது. நம் பிரஷர் குக்கரின் சூடே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அப்படியிருக்க, வாணலியில் இரண்டு பிரட்டுப் பிரட்டி என்ன ஆகப்போகிறது?

எனக்கு எரிச்சல் வருவது அடுத்த இரண்டு பேச்சுகளில். ஒன்று, "கறியா மீனா, வெறும் சோறுதானே, வீகன் சாப்பாடு கெடாது." கிருமிக்கு நம் கொள்கை தெரியாது. இன்னொன்று, "எங்க ஆச்சி பழையது சாப்பிட்டே தொண்ணூறு வயசு வாழ்ந்தா." ஆச்சி சோற்றை ஆறவைத்து, அது முழுக்க முழுகும்படி தண்ணீர் ஊற்றி மண்சட்டியில் வைத்தாள். ராத்திரியோடு அது புளித்தது. அந்தப் புளிப்பில் மற்ற கிருமிகள் அவ்வளவாகத் தலையெடுப்பதில்லை. நீங்கள் சோற்றை ராத்திரி முழுக்கக் குக்கரில் போட்டுவிட்டு, காலையில் தண்ணீர் ஊற்றி வெங்காயம் கடித்தால் அது பழையது ஆகாது, வெறும் மிச்சம்தான். ஆச்சியைத் துணைக்கு இழுக்காதீர்கள்.

நான் செய்வது இவ்வளவுதான். சாப்பிட்டு எழுந்ததும் மிச்சச் சோற்றை அகலமான தாம்பாளத்தில் பரப்பி ஃபேன் அடியில் வைக்கிறேன். பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் ஆறிவிடும். உயரமில்லாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாளே தீர்த்துவிடுகிறேன். சமைத்த ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே போய்விட வேண்டும் என்பது கணக்கு. இதில் ஒரு லாபமும் உண்டு. குளிர்ந்த சோறு விறைத்து உதிரி உதிரியாக நிற்பதால் புளியோதரைக்கும் எலுமிச்சை சாதத்துக்கும் புதுச் சோற்றைவிட நன்றாக வரும். பிரட்டும்போது மட்டும் ஆவி பறக்கச் சூடாக்குங்கள்.

நெய் விட்டது மறந்துபோவது

மிச்சத்துக்கு ஞாபகமறதி அதிகம். நேற்றைய சாம்பாரில் யார் எதைத் தாளித்தார்கள் என்று அது சொல்லாது. மாமியார் என்மேல் உள்ள பிரியத்தில் "ஒரு சொட்டு நெய்தாம்மா விட்டேன்" என்பார். சண்டை போட்டுப் பார்த்தேன், பலனில்லை. இப்போது தாளிப்பதற்கு முன்பே என் பங்கைத் தனிக் கிண்ணத்தில் எடுத்துவிடுகிறேன். அவருக்கும் நிம்மதி.

நெய்யாவது வாசனையில் மாட்டிக்கொள்ளும். அவியலில் கலந்த தயிர், சப்பாத்தி மாவில் ஊற்றிய பால், கடைப் பரோட்டாவில் சேர்த்த முட்டை எல்லாம் கண்ணில் படாது. என்னை இரண்டு வருஷம் ஏமாற்றியது மோர்மிளகாய். பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வறுத்து வறுத்துத் தின்றேன். பெயரிலேயே மோர் இருக்கிறது, உறைக்கவில்லை. கூழ்வடாமும் சில வீடுகளில் மோர் விட்டுத்தான் கிண்டுவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

உப்புமாவுக்கு இட்லியைச் சூட்டோடு உதிர்ப்பது

களிதான் கிடைக்கும். ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து உதிருங்கள்.

பத்து ரூபாய்ச் சோற்றைக் காப்பாற்ற முந்நூறு ரூபாய்க்கு வாங்குவது

வீகன் சீஸ், டோஃபு என்கிற சோயா பனீர், பாதாம் பால். எதுவும் வேண்டாம். வீட்டில் தேங்காயும் வேர்க்கடலையும் இருக்கும்.

எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொட்டுவது

எங்கள் நெல்லைப் பக்கம் சுண்டக்கறி என்று ஒன்று உண்டு. பொங்கலுக்கு வைத்த குழம்பு, கூட்டு, பொரியல் எல்லாம் மறுநாள் ஒன்றாகச் சேர்ந்து சுண்டும். அதன் ருசி தெரிந்தவர்கள் அதற்காகவே முந்தின நாள் கொஞ்சம் கூடுதலாக வைப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு எதையும் எதோடும் சேர்க்கலாம் என்று நினைத்துவிடக் கூடாது. நான் ஒருமுறை பாகற்காய் வறுவலைக் கொட்டி மொத்தச் சட்டியும் கசந்துபோனது. இன்னொரு முறை பீட்ரூட். ருசி பரவாயில்லை, ஆனால் அந்த நிறத்தைப் பார்த்து வீட்டில் ஒருவரும் தட்டை நீட்டவில்லை.

புளிக்குழம்போ சாம்பாரோ அடியாக இருக்கட்டும். அதில் முருங்கைக்காய், கத்தரிக்காய், வாழைக்காய், பூசணி, அவரைக்காய், கிழங்கு வகை எதுவும் சேரும். சொதி மாதிரித் தேங்காய்ப்பால் விட்டதைச் சேர்க்காதீர்கள், ரொம்ப நேரம் கொதித்தால் திரிந்துவிடும். தயிர் விட்ட அவியல் நமக்கு ஆகாது. உப்பு போடவே போடாதீர்கள், வற்ற வற்றத் தானே ஏறும். கல்சட்டி இருந்தால் நல்லது. சின்னத் தீயில் வைத்து நல்லெண்ணெய் இரண்டு கரண்டி விட்டு, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து கரண்டியில் ஒட்டும் பதம் வரை விடுங்கள். முக்கால் மணி நேரமாவது ஆகும். சூடான சோறோ ஆறின இட்லியோ, இரண்டுக்கும் பொருந்தும்.

மிஞ்சிய தேங்காய்ச் சட்னி

ராத்திரி வெளியிலேயே இருந்ததா? கொட்டிவிடுங்கள்.