ரேடியேட்டர் விசிறி சுழலாதபோது பழுதைக் கண்டறிதல்

கயத்தாறு, கங்கைகொண்டான் தாண்டி நான்குவழிச் சாலையில் சீராக ஓடிவந்த கார், திருநெல்வேலி வண்ணார்பேட்டை நெரிசலில் நின்றதும் வெப்ப முள் ஏறினால், முதலில் ரேடியேட்டர் விசிறியைச் சந்தேகிக்க வேண்டும். வேகத்தில் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடுவதால், விசிறியின் பழுது அதுவரை வெளியே தெரிவதில்லை.

இஞ்சின் நன்றாக ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். கூலன்ட், அதாவது இஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், மிகவும் குறைந்திருந்தால் வெப்ப சென்சார் தவறான அளவைக் காட்டக்கூடும் என்பதால், அதை முதலில் நிரப்புங்கள். அடுத்து இஞ்சினை இயக்கி ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் சற்று நேரத்தில் விசிறி சுழலும். சுழன்றால் மோட்டார் நல்லதே. சென்சாரையும் அதன் வயரையும் பார்க்க வேண்டும்.

சுழலாவிட்டால் இஞ்சினை நிறுத்திவிட்டு ஃபியூஸைப் பாருங்கள். பிறகு, விசிறிக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் சிறு சுவிட்சான ரிலேயின் இடத்தில் அதே எண் கொண்ட வேறொரு ரிலேயைப் பொருத்திப் பாருங்கள். காசு செலவில்லாத சோதனை இது.

இரண்டு வயர் மட்டுமே உள்ள மோட்டார் என்றால், சாக்கெட்டைக் கழற்றி, ஃபியூஸ் வைத்த தடித்த வயர் மூலம் பேட்டரியின் 12 வோல்ட்டை நேரடியாகக் கொடுங்கள். கையோ வேட்டி நுனியோ இறக்கையருகே போகக் கூடாது. மோட்டாரின் உடலை மரக்கட்டையால் மெல்லத் தட்டிய பிறகே சுழல்கிறதென்றால், பெரும்பாலும் மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். நேரடி இணைப்பில் தடையின்றிச் சுழன்றால் குறை பெரும்பாலும் வயரிங்கில்தான்: உவரி போன்ற கடலோர ஊர்களில் நிற்கும் கார்களில், சாக்கெட் பின்களிலும் எர்த் இணைப்பிலும் படியும் பச்சைக் களிம்பை முதலில் சுரண்டிப் பாருங்கள்.