வடக்கன்குளம் கோயிலைப் பார்க்கும் முறை

திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்துத் திருக்குடும்பக் கோயிலுக்கு, அதாவது அங்குள்ள கத்தோலிக்க தேவாலயத்துக்கு, விருந்தாளிகளைக் கூட்டிப் போனால், நேரே பீடத்துக்குப் போக விடமாட்டேன். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, முதலில் ஒரு பக்கத்துக் கடைசி வரிசையில் உட்காரச் சொல்வேன். அங்கிருந்து பீடம் தெரியும், மறுபக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் தெரியமாட்டார். இப்போது எழுந்து மெல்ல முன்னால் நடங்கள். பீடத்தை நெருங்க நெருங்க மறுபக்கம் கண்ணுக்கு வரும். கால்சட்டையின் இரண்டு கால்கள் போல விரிந்து, பீடத்தில் வந்து சேரும் கட்டடம் இது.

1872இல் இப்படிக் கட்டியது அழகுக்காக அல்ல. வெள்ளாளர் ஒரு காலில், நாடார் மறுகாலில், நடுவே சுவர். ஒரே அப்பம், ஒரே பூசை, ஆனால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியக்கூடாது! 1910இல் கௌசானல் அடிகளார் அந்தச் சுவரை இடித்தார். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போயும் சுவர் திரும்பவில்லை. அது நின்ற இடத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். நான் ஒவ்வொரு முறையும் நிற்பேன், ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும்.

புனித தேவசகாயம் 1745இல் ஞானஸ்நானம் பெற்றதும் இதே ஊரில்தான். ஆனால் இந்தக் கட்டடம் அப்போது இல்லை, பிள்ளைகளுக்குச் சொல்லும்போது குழப்பிவிடாதீர்கள்.

பூசை நேரத்தில் போனால் கேமராவைப் பைக்குள் வையுங்கள்.