வளைகுடா வேலைக்குக் கையெழுத்திடும் முன்

பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, நெல்லிக்குப்பம் பக்கம் வளைகுடாவுக்குச் செல்வது புதிதல்ல. ஆனால் முதலாளி கத்தாரின் தோஹாவிலும், ஆள் எடுக்கும் நிறுவனம் மும்பையிலும், பணம் வாங்குபவர் கடலூரிலும் இருக்கும்போது, பேசிய சம்பளம் வராவிட்டால் யாரைக் கேட்பது என்பதே தெரியாமல் போகிறது. அதற்கான விடையைப் பணம் கொடுப்பதற்கு முன்பே காகிதத்தில் வாங்கிவிட வேண்டும்.

1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவு பெறாத எவரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கக் கூடாது. எனவே ஏஜெண்டின் பதிவு எண்ணைக் கேட்டு, அது நடப்பில் உள்ளதா என்று மத்திய அரசின் இ-மைகிரேட் இணையதளத்தில் பாருங்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான், ரசீது தராதவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

அடுத்தது ஒப்பந்தம், ஏமாற்றம் பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. மாதம் 1,800 ரியால் என்று வாயால் சொன்னது, காகிதத்தில் 1,000 ரியால் பேசிக் (அடிப்படைச் சம்பளம்), மீதி ஓவர்டைம் என்று இருக்கலாம். கத்தாரில் ஓவர்டைமும், வேலை முடிந்து திரும்பும்போது கிடைக்கும் பணிக்கொடையும் பேசிக்கை வைத்தே கணக்கிடப்படுவதால், அந்த ஒரு வரியை விரல் வைத்துப் படியுங்கள். 2021 மார்ச் முதல் அங்கே குறைந்தபட்ச பேசிக் 1,000 ரியால். முதலாளி தங்குமிடம் தராவிட்டால் 500, சாப்பாடு தராவிட்டால் 300 ரியால் கூடுதலாகத் தர வேண்டும். இதைவிடக் குறைவாக எழுதப்பட்டிருந்தால் கையெழுத்திடாதீர்கள்.

"ஃப்ரீ விசா" என்பதை நம்பவே வேண்டாம். ஒருவர் பெயரில் விசா எடுத்து, வேறொருவரிடம் வேலை பார்ப்பவர் பிடிபட்டால், தண்டனை அவருக்கே. விசிட் விசாவில் போய் வேலை தேடிக்கொள்ளலாம் என்பதும் அதே குழிதான்.

பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட் பெரும்பாலும் ஈ.சி.ஆர். (குடிபெயர்வுச் சோதனை தேவைப்படும்) வகையைச் சேர்ந்தது. அவர்கள் வளைகுடா நாடுகள் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். அதற்காக எடுக்கும் பிரவாசி பாரதிய பீமா காப்பீட்டில், விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும்.

புறப்படும் முன், ஒப்பந்தம், விசா, பாஸ்போர்ட், காப்பீடு, ரசீது எல்லாவற்றின் நகலையும் வீட்டில் ஒருவரிடம் கொடுத்துச் செல்லுங்கள். அங்கே இறங்கியதும் வேறு ஒப்பந்தத்தை நீட்டினால், அந்த நகலைக் கொண்டு வீட்டார் இ-மைகிரேட்டிலோ, வெளியுறவு அமைச்சகத்தின் மதத் இணையதளத்திலோ உடனே புகார் பதிவுசெய்யலாம்.