எஸ்எஸ்டி வாங்கும் முன் மேனுவலைத் திறந்து பாருங்கள்

தம்பிக்கு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தபோது எம்.2 எஸ்எஸ்டி (மதர்போர்டில் நேராகச் செருகும், பட்டை வடிவச் சேமிப்பகம்) ஒன்று வாங்கி வந்தேன். ஸ்லாட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது, ஆனால் பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரை) பெயரே வரவில்லை. அது சாட்டா வகை, அதாவது பழைய, வேகம் குறைந்த இணைப்பு முறை. அந்த ஸ்லாட்டோ என்விஎம்இ (பிசிஐஇ என்ற வேகமான இணைப்பில் ஓடும் வகை) மட்டும்தான் ஏற்கும். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், அதுதான் சிக்கல்.

அதனால் முதலில் மதர்போர்டு மேனுவலில் எம்.2 பக்கத்தைப் பாருங்கள். பிசிஐஇ மட்டுமா, சாட்டாவும் உண்டா? பிறகு எஸ்எஸ்டியின் தங்க நிற முனையைக் கவனியுங்கள். இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒன்றே என்றால் பெரும்பாலும் என்விஎம்இ. லேபிளையும் படித்துவிடுங்கள்.

அளவு 2280 என்றால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம். அதற்கான திருகு துளை போர்டில் இருக்க வேண்டும்.

பி450 சிப்செட் உள்ள ஏஎம்டி போர்டில் ஜென்4 (பிசிஐஇ நான்காம் தலைமுறை) எஸ்எஸ்டி ஓடும், ஆனால் ஜென்3 வேகத்தில்தான். நொடிக்குச் சுமார் 3,500 எம்பி. விலை அதிகம் என்றால் ஜென்3 வாங்குங்கள், போதும்.

அப்புறம், சில போர்டுகளில் எம்.2 மாட்டினால் ஓரிரு சாட்டா போர்ட் செயலிழக்கும். பழைய ஹார்ட் டிஸ்க் காணாமல் போனால் பதறாதீர்கள், கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றுங்கள்.