லேபிளில் வரும் புள்ளி, கோடு, நெளி எழுத்துகள்: கணினியில் அடிப்பது எப்படி?

திருப்பூரில் தைத்து ஸ்பெயினுக்குப் போகும் ஒரு குழந்தைச் சட்டை. சைஸ் லேபிளில் ‘4-5 வயது’ என்று ஸ்பானிஷில் வர வேண்டும். அந்தச் சொல் ‘ஆன்யோஸ்’. நான்கே எழுத்துதான்: ஏ, என், ஓ, எஸ். ஆனால் இரண்டாவதாக நிற்கும் ‘என்’ தலையில் ஒரு சின்ன நெளி இருக்கும். அந்த நெளி விட்டுப்போனால் சொல் ‘ஆனோஸ்’ ஆகிவிடும். அதற்குப் பொருள் ஆசனவாய். கூத்து இதோடு முடியவில்லை. அதே சட்டை பக்கத்திலிருக்கும் போர்ச்சுகலுக்குப் போனால் அதே நான்கு எழுத்தை நெளி இல்லாமல் அடிப்பதுதான் சரி; அந்த மொழியில் ஆண்டுகளுக்கு அப்படித்தான் எழுத வேண்டும்.

ஆகவே லேபிள் அடிக்கும் இடத்தில், “ஏனுங்க மேடம், இந்த எழுத்து மேல இருக்கற புள்ளி டிசைனுங்களா, ஸ்கேன்ல விழுந்த தூசிங்களா?” என்று கேட்டால் சிரிக்காதீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ‘க’வுக்கும் ‘க்’குக்கும் நடுவே நிற்பதும் ஒரு புள்ளிதானே?

ஐரோப்பிய ஒன்றியத்தின் 1007/2011 ஒழுங்குமுறைப்படி, துணியில் என்ன நூல் எத்தனை சதவீதம் என்பதை, விற்கும் நாட்டின் ஆட்சி மொழியில் லேபிளில் போட வேண்டும். அதனால்தான் ஒரு பனியனின் வாஷ் கேர் லேபிள் பத்துப் பதினைந்து மொழிகளோடு புத்தகம் மாதிரி மடிந்து கிடக்கிறது. காதர்பேட்டையில் வாங்கிய எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் டி-ஷர்ட் வீட்டில் இருந்தால் உள்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். கீழே சொல்லும் குறிகளில் பாதி அதிலேயே இருக்கும்.

முதலில் குறிகளுக்கு ஒரு பெயர் வைத்துக்கொள்வோம். வலப்பக்கம் மேலேறும் கோடு ஏறுகோடு. இடமிருந்து கீழிறங்குவது இறங்குகோடு. ஓட்டு வீட்டு முகடு போல இருப்பது கூரை. மேலே இரண்டு புள்ளி, நெளி, ‘சி’க்கு அடியில் தொங்கும் வால், ‘ஏ’ தலையில் வளையம். இவை போக, ஜெர்மனில் பெரிய ‘பி’ மாதிரித் தெரியும் ஓர் எழுத்து உண்டு. அது ‘பி’ அல்ல, ‘எஸ்’ ஒலி. அதை ‘பி’ என்று அடித்துத் தொலைப்பது அடிக்கடி நடக்கிற தப்பு. இந்தப் பதிவில் ஏ, இ, ஐ, ஓ, யூ என்று வருவதெல்லாம் ஆங்கில எழுத்தின் பெயர்கள்.

எப்போதாவது ஒரு எழுத்துதான் தேவை என்றால்

விண்டோஸில் பழைய வழி ஆல்ட் எண். நம்லாக் எரிய வேண்டும். இடப்பக்க ஆல்ட்டை அழுத்திப் பிடித்தபடியே, விசைப்பலகையின் வலது ஓரத்தில் தனியாக இருக்கும் எண் கட்டத்தில் நான்கு இலக்கத்தை அடித்துவிட்டு ஆல்ட்டை விடுங்கள். விட்ட பிறகுதான் எழுத்து வரும். எழுத்து வரிசைக்கு மேலே இருக்கும் எண்களில் அடித்தால் எதுவும் வராது. எண் கட்டம் இல்லாத சின்ன லேப்டாப்பில் இந்த வழி உதவாது.

லேபிள் வேலைக்கு அடிக்கடி தேவைப்படுபவை இவை. ஏறுகோடு: ஏ 0225, இ 0233, ஐ 0237, ஓ 0243, யூ 0250. இறங்குகோடு இ 0232. கூரை இ 0234. இரண்டு புள்ளி: ஏ 0228, ஓ 0246, யூ 0252. நெளி: என் 0241, ஏ 0227, ஓ 0245. வால் சி 0231. வளையம் ஏ 0229. நடுவே கோடு கிழித்த ஓ 0248. ஜெர்மன் எஸ் 0223.

இவை எல்லாம் சின்ன எழுத்துகள். பெரிய எழுத்து வேண்டுமானால் 32 கழித்துக்கொள்ளுங்கள்: நெளி போட்ட பெரிய என் 0209, இரண்டு புள்ளி வைத்த பெரிய யூ 0220. போர்ச்சுகீசில் ‘இந்தியா’ என்பதன் முதல் ‘ஐ’க்கு ஏறுகோடு உண்டு, 0237-இல் 32 போக 0205. ஜெர்மன் எஸ்ஸுக்கு மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. வரி முழுக்கப் பெரிய எழுத்து என்றால் அந்த இடத்தில் இரண்டு ‘எஸ்’ போடுவதுதான் வழக்கம்.

முன்னால் இருக்கும் பூஜ்யத்தை விட்டுவிடாதீர்கள். 0233-க்குப் பதில் 233 என்று அடித்தால் பெரும்பாலான கணினிகளில் கிரேக்க எழுத்து ஒன்று வந்து நிற்கும். பூஜ்யம் இல்லையென்றால் கணினி பழைய டாஸ் காலத்து அட்டவணையைத் திறக்கிறது. அதில் அதே எண்ணுக்கு வேறு எழுத்து.

எண்ணே நினைவில் வைக்கப் பிடிக்காதவர்கள் விண்டோஸ் விசையோடு முற்றுப்புள்ளியை அழுத்தினால் எமோஜிப் பலகை வரும். அதில் குறியீடுகள் பகுதிக்குள் லத்தீன் எழுத்துகள் இருக்கின்றன. மேக்கில் ‘இ’ விசையைச் சித்த நேரம் அழுத்திப் பிடித்தால் அதன் உறவினர்கள் எல்லாம் வரிசையாக வருவார்கள். போனிலும் இதே கதைதான்.

தினமும் அடிப்பவர்களுக்கு

பையர் மெயில், டெக் பேக் (ஆடையின் அளவு, லேபிள் விவரமெல்லாம் பையர் எழுதி அனுப்பும் கோப்பு), பேக்கிங் லிஸ்ட் என்று நாள் முழுக்க இதுவே பிழைப்பு என்றால் ஆல்ட் எண்ணை விட்டுவிட்டு யுனைடெட் ஸ்டேட்ஸ்-இன்டர்நேஷனல் விசைப்பலகையைச் சேர்த்துவிடுங்கள். எழுத்துகள் இப்போது இருக்கும் இடத்திலேயே இருக்கும். புதிதாகப் பழக வேண்டியதில்லை. விண்டோஸ் 11-இல்:

1. செட்டிங்ஸ், அதில் டைம் அண்ட் லாங்குவேஜ், அதில் லாங்குவேஜ் அண்ட் ரீஜியன்.
2. இங்கிலிஷ் என்ற வரியின் ஓரத்தில் மூன்று புள்ளி. அதைத் தட்டி லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ்.
3. கீபோர்ட்ஸ் பகுதியில் ஆட் எ கீபோர்ட். பட்டியலில் யுனைடெட் ஸ்டேட்ஸ்-இன்டர்நேஷனல்.
4. விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் பழையதும் புதியதும் மாறி மாறி வரும். எது ஓடுகிறது என்று கீழே கடிகாரத்துக்குப் பக்கத்தில் பாருங்கள்.

இப்போது நோட்பேடைத் திறந்து அந்த ஸ்பானிஷ் சொல்லை அடிப்போம். ‘ஏ’ அடியுங்கள். பிறகு ஷிஃப்டோடு எஸ்கேப்புக்குக் கீழே இருக்கும் நெளி விசை. திரையில் ஒன்றும் வராது. விசை கெட்டுப்போகவில்லை, அடுத்த எழுத்துக்காகக் காத்திருக்கிறது. ‘என்’ தட்டியதும் நெளியோடு சேர்ந்து வரும். பிறகு ஓ, எஸ். அவ்வளவுதானுங்க.

இதே மாதிரி ஒற்றை மேற்கோள் விசை ஏறுகோடு, இரட்டை மேற்கோள் இரண்டு புள்ளி, நெளி விசையிலேயே ஷிஃப்ட் இல்லாமல் இறங்குகோடு, ஷிஃப்ட்+6 கூரை. ஒற்றை மேற்கோளுக்குப் பின் ‘சி’ அடித்தால் வால் முளைக்கும். வலப்பக்க ஆல்ட்டோடு ‘எஸ்’ அடித்தால் ஜெர்மன் எஸ், 5 அடித்தால் யூரோக் குறி.

தொந்தரவும் இதிலேயேதான். மெஷர்மென்ட் சார்ட்டில் 32 அங்குலம் என்று இரட்டை மேற்கோள் போட்டால் குறி வராமல் முழிக்கும். குறிக்குப் பின் ஸ்பேஸ் ஒருமுறை தட்டினால்தான் வரும், அந்தத் தட்டு இடைவெளியாகக் கணக்கில் வராது. மேற்கோளைத் திறந்து ‘ஏ’வில் தொடங்கும் சொல்லை அடித்தால் மேற்கோள் மறைந்து ‘ஏ’ தலையில் இரண்டு புள்ளி ஏறிவிடும். இதனால் எரிச்சலாகி விசைப்பலகையையே நீக்கியவர்கள் நிறைய. நீக்க வேண்டாம், ஆங்கில மெயிலுக்குப் பழைய பலகை, லேபிள் வேலைக்கு இது என்று ஸ்பேஸ் பாரில் மாற்றிக்கொள்வதே நல்லது.

போலிஷ் மொழிக்கு இது போதாது. அங்கே பருத்திக்கான சொல்லிலேயே நடுவில் குறுக்குக்கோடு போட்ட ‘எல்’ இருக்கிறது. மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான 256 இடத்து அட்டவணையில் அதற்கு இடம் இல்லை. அதன் எண் 322 என்று பார்த்து ஆல்ட்டோடு அடித்தால் வேர்டில் வரும். பல மென்பொருள்களில் 256 போக மீதி 66-க்கு உரிய எழுத்து, அதாவது வெறும் ‘பி’ வரும். பட்டியலில் போலிஷ் (ப்ரோகிராமர்ஸ்) என்ற பலகையைச் சேருங்கள். வலப்பக்க ஆல்ட்டோடு ‘எல்’.

வேர்டில் ஒன்று, எக்செல்லில் வேறொன்று

வேர்டில் கண்ட்ரோலோடு ஒற்றை மேற்கோளைத் தட்டி, விட்டுவிட்டு, ‘இ’ அடித்தால் ஏறுகோட்டோடு வரும். கண்ட்ரோல், ஷிஃப்ட், முக்காற்புள்ளி மூன்றையும் சேர்த்துத் தட்டிவிட்டு ‘யூ’ அடித்தால் இரண்டு புள்ளி. வசதிதான். இந்தக் கைப்பழக்கத்தோடு எக்செல்லுக்கு வந்தால்தான் சிக்கல்: அங்கே கண்ட்ரோலும் ஒற்றை மேற்கோளும் மேல் கட்டத்தில் இருப்பதைக் கீழே நகலெடுக்கும், கண்ட்ரோலும் இறங்குகோடும் ஷீட் முழுக்கத் தொகைக்குப் பதில் ஃபார்முலாக்களைக் காட்டும். பதற வேண்டாம். முன்னதற்கு கண்ட்ரோல்+இசட், பின்னதற்கு அதே விசைகளை இன்னொருமுறை.

அடித்த பிறகு கெடுவது

உண்மையில் விசைப்பலகையில் கெடுவதைவிடக் கோப்பு கைமாறும்போது கெடுவதுதான் அதிகம். ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் சரியாக அடித்திருப்பார். எக்செல்லில் இருந்து சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) ஆகி, லேபிள் மென்பொருளுக்குப் போய், ரிப்பனில் விழும்போது வேறாகியிருக்கும். எந்த மாதிரி கெட்டிருக்கிறது என்று பார்த்தாலே எங்கே கெட்டது என்று சொல்லிவிடலாம்.

ஓர் எழுத்து இரண்டாகிவிட்டது, முதலாவது நெளி போட்ட பெரிய ‘ஏ’, அதை ஒட்டி ஒரு வேண்டாத குறி: நெளி ‘என்’னுக்கு ±, இரண்டு புள்ளி ‘யூ’வுக்கு ¼, ஏறுகோடு ‘இ’க்கு ©. எழுத்து பத்திரமாகத்தான் இருக்கிறது, படிக்கும் மென்பொருள்தான் தப்பாகப் படிக்கிறது. எழுத்துகளைச் சேமிக்கும் இன்றைய முறையான யூடிஎஃப்-8-இல் இந்த எழுத்துகள் ஒவ்வொன்றும் இரண்டு பைட். பழைய முறையில் படிக்கும் மென்பொருள் பைட்டுக்கு ஒன்றாக இரண்டு எழுத்தைக் காட்டுகிறது. கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், எக்செல்லில் டேட்டா, ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி என்று போய், ஃபைல் ஆரிஜின் என்ற இடத்தில் 65001 யூனிகோட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். சரியாகிவிடும். கெட்டதை அப்படியே சேமித்து வைக்காதீர்கள். அடுத்த முறை இரண்டு நான்காகும்.

கேள்விக்குறி வந்திருக்கிறதா? அது போனது போனதுதான். அந்த எழுத்துக்கு இடமில்லாத முறையில் யாரோ சேமித்திருக்கிறார்கள். மூலக் கோப்பில் இருந்து திரும்ப எடுக்க வேண்டும். எக்செல்லில் சேமிக்கும்போது வெறும் சிஎஸ்வி என்பதை விட்டு, சிஎஸ்வி யூடிஎஃப்-8 என்று தனியாக இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் இது நடக்காது.

வெறும் கட்டம் வந்தால் எழுத்துருவில் அந்த எழுத்து இல்லை. லேபிள் பிரிண்டருக்குள்ளேயே இருக்கும் எழுத்துருக்களில் இது சகஜம். விண்டோஸின் ஏரியலுக்கு மாற்றிப் பாருங்கள். கோரல்டிராவில் செய்த ஆர்ட்வொர்க் என்றால், சரிபார்த்த பிறகு கண்ட்ரோல்+க்யூ தட்டி எழுத்தை வளைவாக மாற்றி அனுப்பலாம். அச்சகத்தில் எந்த எழுத்துரு இருந்தாலும் மாறாது. பிறகு திருத்த முடியாது என்பதால் மூலத்தை ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது வகை நம் ஊருக்கே உரியது. ஏறுகோடு ‘இ’ அடித்தால் ஒரு தமிழ் எழுத்து வந்து நிற்கும்! டிடிபி கணினிகளில் டாப், டாம், டிஸ்கி போன்ற பழைய தமிழ் எழுத்துருக்கள் இன்னும் இருக்கின்றன. அவை தமிழை வைத்திருப்பது இந்த ஐரோப்பிய எழுத்துகளுக்கான இடங்களில்தான். வந்தது தமிழே அல்ல, தமிழ் வேஷம் போட்ட ஐரோப்பிய எழுத்து. எழுத்துருவை மாற்றினால் போதும்.

பிடிஎஃப்பில் இருந்து நகலெடுத்தால் இன்னொன்றையும் பாருங்கள். ‘கொ’வில் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியாகச் சேர்த்து வைக்கலாம், ஒரே குறியாகவும் வைக்கலாம், பார்க்க ஒன்றுபோல் இருக்கும். இங்கேயும் அப்படியே: ‘என்’ தனி, நெளி தனி என்று இரண்டாக ஒட்டி வந்திருக்கும். அச்சில் நெளி விலகி நிற்கும். எக்செல்லில் லென் ஃபார்முலா போட்டு எண்ணுங்கள். நம் ஸ்பானிஷ் சொல்லுக்கு 4 வர வேண்டும். 5 வந்தால் அழித்துவிட்டுக் கையால் அடியுங்கள்.

குறி போடக் கூடாத ஓர் இடம்

எல்.சி. (லெட்டர் ஆஃப் கிரெடிட், பணம் தருவதாகப் பையரின் வங்கி தரும் உறுதிக் கடிதம்) ஆவணங்கள். வங்கிகளுக்கு இடையே எல்.சி. போகும் ஸ்விஃப்ட் எம்டி700 செய்தியில் இந்த எழுத்துகளுக்கு இடமில்லை. டுசல்டார்ஃப் நகரின் பெயரில் இரண்டு புள்ளி ‘யூ’வுக்குப் பதில் ‘யூ, இ’ என்று இரண்டு எழுத்தாக வந்திருக்கும். ஜெர்மனில் அது ஒப்புக்கொண்ட மாற்று எழுத்துமுறைதான். ஏ, ஓ ஆகியவற்றுக்கும் இதே போல் பின்னால் ஓர் ‘இ’ வரும். புதிதாகக் கற்ற ஆர்வத்தில் இன்வாய்ஸில் புள்ளி வைத்துத் திருத்தாமல், எல்.சி.யில் எப்படி இருக்கிறதோ அப்படியே அடியுங்கள். லேபிளுக்கு டெக் பேக், வங்கிக்கு எல்.சி.

கடைசியாக அச்சு. சாட்டின் ரிப்பனில் 5, 6 பாயின்ட் அளவில் அடிக்கும்போது இரண்டு புள்ளி இழுபட்டு ஒரே கோடாகிவிடும், நெளி நிமிர்ந்துவிடும். திரையில் 400 சதவீதத்தில் பார்த்து ஓகே சொல்லாதீர்கள். ரோல் ஓட்டும் முன் அதே ரிப்பனில் ஒரு துண்டு அடித்து, துணி எண்ணும் லென்ஸை அதன்மேல் வைத்துப் பாருங்கள். கோடாகத் தெரிந்தால் அளவை அரை பாயின்ட் கூட்டுங்கள், அல்லது பிரிண்டரின் சூட்டைக் கொஞ்சம் குறையுங்கள்.