கணித ஒலிம்பியாட் தேர்வுக்கு இணையவழியில் தயாராவது எப்படி?

பள்ளிக் கணிதத்தில் நூற்றுக்கு நூறு வாங்கும் மாணவர்கூட ஒலிம்பியாட் வினாத்தாளை முதன்முதலில் கையில் எடுக்கும்போது திகைத்துப் போவது இயல்பே. பள்ளித் தேர்வில் எந்தப் பாடத்தின் எந்தச் சூத்திரம் வேண்டும் என்பது வினாவிலேயே புலப்பட்டுவிடும். ஒலிம்பியாட் கணக்கில் அதைக் கண்டறிவதே பாதி வேலை. ஆகவே இணைய வகுப்பைத் தேடும் மாணவரும் பெற்றோரும், எத்தனை மணி நேரக் காணொளிகள் கிடைக்கும் என்று கேட்பதற்கு முன், மாணவர் எழுதும் விடையை யாராவது வரிவரியாகப் படித்துத் திருத்துவார்களா என்று கேட்க வேண்டும்.

முதலில் படிநிலைகளைத் தெரிந்துகொள்வோம். இந்தியாவில் முதற்கட்டத் தேர்வு ஐ.ஓ.க்யூ.எம். என்ற கணித ஒலிம்பியாட் தகுதித் தேர்வு ஆகும். 3 மணி நேரம், 30 வினாக்கள், மொத்தம் 100 மதிப்பெண்கள். ஒவ்வொரு விடையும் 00 முதல் 99 வரையுள்ள ஒரு முழு எண். அடுத்து வரும் வட்டாரத் தேர்வான ஆர்.எம்.ஓ.விலும் தேசியத் தேர்வான ஐ.என்.எம்.ஓ.விலும் ஆறாறு கணக்குகள்தாம். ஆனால் விடையை மட்டும் எழுதினால் போதாது, முழு நிரூபணம் வேண்டும். அதன்பின் பயிற்சி முகாம். அதிலிருந்து ஆறு பேர் பன்னாட்டுப் போட்டிக்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். வகுப்பு, வயது வரம்புகளை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பாடத்திட்டம் எண்ணியல் (முழு எண்களின் பண்புகள்), இயற்கணிதம், வடிவியல், சேர்மானவியல் (எண்ணிக்கையிடும் முறைகள்) என்ற நான்கு துறைகளுக்குள் அடங்கும்; நுண்கணிதம் தேவையில்லை. கட்டண வகுப்பில் சேரும் முன், கையருகே இருப்பதைப் பயன்படுத்துங்கள். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பாடநூலிலேயே யூக்ளிடின் வகுத்தல் வழிமுறையும், வகுத்தால் வரும் மீதிகளைக் கொண்டு கணக்கிடும் மட்டு எண்கணிதமும் உள்ளன. பதினோராம் வகுப்பு நூலில் சேர்மானவியலும் கணிதத் தொகுத்தறிதலும் உள்ளன. பொதுத்தேர்வுக்காகப் புரட்டிவிட்டு நகரும் இப்பக்கங்கள் ஒலிம்பியாட்டுக்கு நல்ல அடித்தளம். எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களும் அவற்றைத் தாராளமாகப் படிக்கலாம்.

அந்த அடிப்படை எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதற்கு, 1959இல் ருமேனியாவில் நடந்த முதல் பன்னாட்டு ஒலிம்பியாட்டின் முதல் கணக்கே சான்று. எந்த இயல் எண் n-க்கும் (21n+4)/(14n+3) என்ற பின்னத்தைச் சுருக்க முடியாது என்று நிறுவ வேண்டும். விளக்கக் காணொளியில், மேலே உள்ளதை 2ஆலும் கீழே உள்ளதை 3ஆலும் பெருக்கிக் கழித்தால் 1 வருகிறது என்று அரை நிமிடத்தில் சொல்லி முடித்துவிடுவார்கள். பார்ப்பவருக்குப் புரியும், ஆனால் அந்த 2உம் 3உம் எங்கிருந்து வந்தன என்பது தெரியாது. பேனாவைப் பிடித்து உட்காரும் மாணவர், இரு எண்களின் மீப்பெரு பொது வகுத்தியைத் தேட யூக்ளிடின் வழிமுறையைத் தொடங்குவார்: 21n+4-இல் இருந்து 14n+3-ஐக் கழித்தால் 7n+1, அதன் இரு மடங்கை 14n+3-இல் இருந்து கழித்தால் 1. ஆகவே இரண்டுக்கும் பொதுவான வகுத்தி 1 மட்டுமே. பத்தாம் வகுப்புப் பாடம் அங்கே தானாக வந்து உதவுகிறது. இவ்வாறு தேடிப் பழகாத மாணவருக்கு நூறு காணொளிகளாலும் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து. ஒரு கணக்குக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் முயன்ற பிறகே விடையைத் திறப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். திறந்தாலும் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு மூடி, மீண்டும் முயலுங்கள்.

இணையத்தில் பரவலாக அறியப்பட்டது 'ஆர்ட் ஆஃப் ப்ராப்ளம் சால்விங்' தளம். அதிலுள்ள ஆல்குமஸ் என்ற பயிற்சிப் பகுதி இலவசம். மாணவரின் திறனுக்கேற்பக் கணக்குகளின் கடினம் மாறும். கட்டண நேரலை வகுப்புகளில் ஆசிரியரின் முகமோ குரலோ வராது. எல்லாமே எழுத்தில் நடக்கும், மாணவர்கள் விடைகளைத் தட்டச்சு செய்ய வேண்டும். ஆங்கிலப் பேச்சைப் பின்தொடரச் சிரமப்படும் தமிழ்வழி மாணவர்களுக்கு இது ஒரு விதத்தில் வசதியே. ஆனால் நேரம் பெரிய சிக்கல்: அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு 7.30 மணி வகுப்பு என்றால், கோடைக்காலத்தில் நமக்கு அது அதிகாலை 5 மணி. பள்ளி நாளில் அது பிள்ளைக்கு ஒத்துவருமா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். அமெரிக்காவின் ஏ.ஐ.எம்.இ. தேர்வின் பழைய கணக்குகளையும் விட்டுவிடாதீர்கள். 15 வினாக்களுக்கும் விடை 000 முதல் 999 வரையுள்ள முழு எண் என்பதால், நம் முதற்கட்டத் தேர்வுக்கு அவை நல்ல பயிற்சி.

நிரூபணம் எழுதுவதை ஆர்.எம்.ஓ.வுக்குத் தேர்வான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதுதான் பலரையும் அங்கே தடுத்து நிறுத்துகிறது. இரண்டு தேர்வுகளுக்கும் நடுவே உள்ள சில வாரங்களில் அந்தப் பழக்கம் வந்துவிடாது. தொடக்கத்திலிருந்தே வாரம் இரண்டு கணக்குகளுக்காவது முழு விடை எழுதி, படம் எடுத்து ஆசிரியருக்கு அனுப்புங்கள். ஆசிரியர் கிடைக்காவிட்டால், இதே தேர்வுக்குப் படிக்கும் நண்பர் ஒருவரிடம் கொடுத்து, 'இது ஏன் உண்மை?' என்று ஒவ்வொரு வரியிலும் கேட்கச் சொல்லுங்கள். 'தெளிவாகத் தெரிகிறது' என்று எழுதிய இடத்தில்தான் பெரும்பாலும் ஓட்டை இருக்கும்.

தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதங்களில் புதிய வகுப்பு எதிலும் சேர வேண்டாம். பழைய வினாத்தாள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வாரம் ஒன்றை அச்சிட்டு, கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, 3 மணி நேரம் இடைவிடாமல் எழுதுங்கள். திருத்தும்போது மதிப்பெண்ணைக் கூட்டுவதோடு நிறுத்தாமல், தவறிய ஒவ்வொரு கணக்குக்கும் எதிரே காரணத்தைக் குறியுங்கள்: வழியே தோன்றவில்லையா, வழி தெரிந்தும் கணக்கீட்டில் பிசகா, வினாவைத் தவறாகப் படித்ததா. முதல் வகைக் கணக்குகளைத் தனி நோட்டில் எழுதி வைத்து, பத்து நாள் கழித்து விடையைப் பார்க்காமல் மறுபடி போட்டுப் பாருங்கள்.