நகரத்து மீத்தேனை வண்டியில் போய் அளப்பது எப்படி

கருவியின் திரையில் 4 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 4 பங்கு) என்று எகிறியதும் பெரிய கசிவு பிடிபட்டதாகத் தோன்றும். அந்த எண் காற்றில் எவ்வளவு மீத்தேன் கலந்திருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. மணிக்கு எத்தனை கிலோ வெளியேறுகிறது என்பதைச் சொல்வதில்லை. காற்று அசையாத நேரத்தில் சின்னக் கசிவும் பெரிதாகத் தெரியும், பலமாக அடித்தால் பெரிய கசிவும் ஒளிந்துகொள்ளும். அதனால் வண்டிக் கூரையில் காற்றுமானி இல்லாமல் கிளம்பாதீர்கள்.

அப்புறம் உறிஞ்சு குழாய். இதில்தான் நான் ஒரு முழு நாள் உழைப்பை இழந்தேன். கூரையில் நுழைந்த காற்று கருவிக்கு வந்துசேர 8 விநாடி ஆனது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் வண்டி 67 மீட்டர் தள்ளிப் போயிருந்தது. வரைபடத்தில் கசிவெல்லாம் அடுத்த தெருவில் விழுந்தது. கருவி கார்பன் டை ஆக்சைடையும் அளக்கும் என்றால் வழி சுலபம்: குழாய் வாயில் ஒருமுறை ஊதிவிட்டு, எத்தனை விநாடியில் அளவு ஏறுகிறது என்று பாருங்கள். பதிவான நேரத்திலிருந்து அதைக் கழித்துவிடுங்கள். தினமும் காலையில் செய்யுங்கள். வடிகட்டி அடைத்தால் தாமதம் கூடிவிடும்.

முதல் ஓட்டம் ஊருக்கு வெளியே, காற்று வரும் பக்கம். அங்கே கிடைக்கும் ஏறக்குறைய 2 பிபிஎம்தான் அடிமட்டம். பிறகு குப்பைமேடு, கழிவுநீர் நிலையம், எரிவாயுக் குழாய் ஓடும் தெருக்கள். ஒவ்வொரு தெருவிலும் வேறு வேறு நாட்களில் இரண்டு முறையாவது போங்கள்.

மீத்தேன் எங்கிருந்து வருகிறது என்பதை ஈத்தேன் என்ற இன்னொரு வாயு காட்டிக்கொடுக்கும். குழாய் எரிவாயுவில் பொதுவாக அது இருக்கும். குப்பையும் சாக்கடையும் அழுகி வரும் மீத்தேனில் அநேகமாக இருக்காது. முன்னால் எரிவாயுவில் ஓடும் பேருந்து போனால் குறித்துவையுங்கள், அதன் புகையும் ஏமாற்றும்.

குப்பைமேட்டுக்கு எனக்குப் பிடித்த முறை அசெட்டிலீன்: அந்த வாயுவைத் தெரிந்த அளவில் விட்டு, அதோடு மீத்தேனை ஒப்பிடுவது. தீப்பற்றும் வாயு, பழகியவர் கையாளட்டும். மேட்டின் மேல் மணிக்கு 1 கிலோ வீதம் விட்டுக்கொண்டே, காற்று போகும் பக்கம் இரண்டும் நன்றாகக் கலந்திருக்கும் தொலைவில் குறுக்கே ஓட்டுங்கள். அடிமட்டத்துக்கு மேலுள்ள மீத்தேன் பிபிஎம் கணக்கில் அசெட்டிலீனைப் போல 40 மடங்கா? 40 × 16 ÷ 26 (16 மீத்தேனின் மூலக்கூறு எடை, 26 அசெட்டிலீனுடையது), சுமார் 25 கிலோ மணிக்கு. காற்றின் வேகம் இந்தக் கணக்கிலேயே வராது, திசை மட்டும் சரியாக இருந்தால் போதும்.

ஈத்தேனும் சேர்ந்து எகிறிய இடத்தை அறிக்கை முடியும்வரை வைத்திருக்காதீர்கள். அன்றே எரிவாயு நிறுவனத்துக்குச் சொல்லிவிடுங்கள்.